அந்தமானில் ஓய்வுக்காலச் சேமிப்பு: முதல் கணக்கை எங்கே தொடங்குவது?

ஸ்ரீ விஜயபுரம்: அந்தமான் கடலில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் இயந்திரப் படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அது முடிவதற்கு முன்பே, மே மாதத்தின் பிற்பகுதியில், தென்மேற்குப் பருவமழை தீவுகளைத் தொட்டுவிடும். படகுச் சவாரிகள் குறையும். ஸ்வராஜ் தீவின் விடுதி அறைகள் காலியாகும். சுற்றுலாப் பயணிகளை நம்பியிருக்கும் ஓட்டுநர், சமையலர், வழிகாட்டி ஆகியோரின் வருமானம் அக்டோபர் வரை மெலிந்தே இருக்கும். ஓய்வுக்காலத்துக்காக முதன்முறையாகச் சேமிக்க நினைக்கும் தீவுவாசி எந்தக் கணக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு, வட்டி விகிதத்தைவிட இந்த நாள்காட்டியே முதல் விடையைத் தருகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்வோர் 3 லட்சத்து 80 ஆயிரத்து 581 பேர். அவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்குத் தாய்மொழி தமிழ். அரசு ஊழியர்கள், ஒப்பந்தப் பணியாளர்கள், கடை வைத்திருப்போர், கட்டுமானத் தொழிலாளர்கள், மீனவர்கள் எனப் பல வகையினர் இவர்களுள் உண்டு. ஒரே தெருவில் வசிக்கும் இவர்களுக்கு ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை சட்டம் திறந்துவைத்திருக்கும் வாசல்கள் வெவ்வேறானவை. அண்டை வீட்டார் எந்தத் திட்டத்தில் சேர்ந்தார் என்பதைப் பார்த்துத் தாமும் சேர்வது பெரும்பாலும் தவறாக முடிவதற்குக் காரணம் இதுதான்.

அரசுப் பணியில் இருப்போர்

இவர்களுக்குத் தேர்வு எளிது. 2004 ஜனவரி 1-க்குப் பின் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோர் தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வருகின்றனர். ஊழியர் அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் 10 விழுக்காடு செலுத்த, அரசு 14 விழுக்காடு செலுத்துகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் மாற்றாக நடைமுறைக்கு வந்துள்ளது. 25 ஆண்டு பணி முடித்தவருக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படை ஊதியத்தில் பாதியை ஓய்வூதியமாக அது உறுதி செய்கிறது. குறைந்தது 10 ஆண்டு பணியாற்றியவருக்கு மாதம் 10 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. விலைவாசியோடு சேர்ந்து உயரும் ஓய்வூதியம் என்பதே இதன் பெருஞ்சிறப்பு. இக்கட்டுரையில் பின்னர் வரும் எந்தத் திட்டத்துக்கும் அந்தச் சிறப்பு இல்லை. புதிதாகப் பணியில் சேர்வோர் இரண்டில் எது வேண்டும் என்பதை 30 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதால், நியமன ஆணை கைக்கு வந்த மாதத்திலேயே இதைத் தீர்மானித்தாக வேண்டும்.

நிரந்தரப் பணியிடத்தில் இல்லாதோரின் நிலை வேறு. அந்தமான் நிர்வாகத்தின் தினக்கூலித் தொழிலாளர்களின் ஊதியம், அகவிலைப்படி தொடர்பான வழக்கில், 2023 ஆகஸ்டில் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு தலைமைச் செயலாளரைப் பணியிடை நீக்கம் செய்யவும், துணைநிலை ஆளுநர் 5 லட்சம் ரூபாய் செலுத்தவும் உத்தரவிட்டதும், உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்ததும் நாடு முழுவதும் செய்தியாயின. அன்றாட ஊதியத்துக்கே நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தவர்கள், முதுமைக்கான ஏற்பாட்டை நிர்வாகத்தின் கையில் மட்டும் விட்டுவிட இயலாது.

தனியார் நிறுவன ஊழியர்கள்

20 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் விடுதி, கட்டுமான நிறுவனம், பாதுகாவலர் நிறுவனம் போன்றவற்றில் வேலை செய்வோருக்கு வருங்கால வைப்பு நிதி பொருந்தும். ஊழியர் 12 விழுக்காடு செலுத்துகிறார். முதலாளியும் அதே அளவு செலுத்துகிறார். முதலாளியின் பங்கில் 8.33 விழுக்காடு ஓய்வூதியத் திட்டத்துக்கும் மீதி 3.67 விழுக்காடு வைப்பு நிதிக்கும் பிரியும். 2024-25 நிதியாண்டுக்கான வட்டி 8.25 விழுக்காடு. முதலாளியின் பங்கு, வட்டி ஆகிய இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எளிய ஊழியருக்கு இதைவிட லாபமான சேமிப்பு சந்தையில் இல்லை என்றே சொல்லலாம்.

ஆயினும் தீவுகளில் இதன் பயன் பலருக்குப் பாதியிலேயே நின்றுவிடுகிறது. பருவத்துக்குப் பருவம் விடுதி மாறுவோரும், சென்னைக்கும் தீவுக்குமாக வேலை மாறுவோரும் ஒவ்வொரு முறையும் பணத்தை எடுத்துவிடுகின்றனர். இதனால் இழப்பு இரண்டு வகையில் நேர்கிறது. வட்டி வளர்ச்சி அறுபடுவது ஒன்று. மற்றொன்று அதைவிடக் கனமானது: ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டுச் சேவை வேண்டும். இடையிடையே கணக்கை முடித்துக்கொள்பவருக்கு அந்தக் கணக்கு மீண்டும் தொடக்கத்திலிருந்தே எண்ணப்படும். 2014 முதல் வழங்கப்படும் பொதுக் கணக்கு எண் ஊழியருக்கு உரியது, நிறுவனத்துக்கு உரியதன்று. புதிய வேலையில் அதே எண்ணைக் கொடுத்து, பழைய தொகையைப் புதிய நிறுவனக் கணக்குக்கு மாற்றிக்கொண்டால் சேவைக்காலம் தொடரும்.

அந்த ஓய்வூதியமும் பெரிய தொகையன்று. 15 ஆயிரம் ரூபாய் ஊதிய உச்சவரம்பில் 10 ஆண்டு பணியாற்றியவருக்குச் சூத்திரப்படி மாதம் ஏறத்தாழ 2,143 ரூபாய் கிடைக்கும். 2014 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய். எனவே வைப்பு நிதி இருப்பவரும் இன்னொரு கணக்கைப் பற்றி யோசிப்பது தேவையாகிறது.

எந்த நிறுவனத்தையும் சாராதோர்

மீனவர், ஆட்டோ ஓட்டுநர், சிறுகடைக்காரர், வீட்டு வேலை செய்வோர் ஆகியோருக்கு முதலாளியின் பங்கும் இல்லை, அரசின் உறுதியும் இல்லை. இவர்களுக்கென 2015 மே 9 அன்று தொடங்கப்பட்டு, ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது அடல் ஓய்வூதியத் திட்டம். 18 முதல் 40 வயது வரை உள்ளவர்கள் வங்கி அல்லது அஞ்சலக சேமிப்புக் கணக்கின் வழியே சேரலாம். 60 வயது முதல் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, சேரும்போது தேர்ந்தெடுத்த அளவில் ஓய்வூதியம் கிடைக்கும். 2022 அக்டோபர் 1 முதல் வருமான வரி செலுத்துவோர் புதிதாகச் சேர இயலாது.

5,000 ரூபாய் ஓய்வூதியத்துக்கு 18 வயதில் சேர்பவர் செலுத்த வேண்டியது மாதம் 210 ரூபாய். 25 வயதில் 376, 30 வயதில் 577, 35 வயதில் 902, 40 வயதில் 1,454 ரூபாய். ஒரு வருடத் தாமதத்தின் விலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் அட்டவணை அரிது. சந்தாதாரர் இறந்தால் அதே ஓய்வூதியம் கணவருக்கு அல்லது மனைவிக்குத் தொடரும். இருவரும் மறைந்தபின் நியமனதாரருக்கு 8.5 லட்சம் ரூபாய் திரும்பக் கிடைக்கும்.

இத்திட்டத்தில் தீவுவாசிகள் கவனிக்க வேண்டியது, தொகை சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்தம் செய்யப்படுவதாகும். பிடித்தம் செய்யும் நாளில் இருப்பு இல்லையெனில் தாமதக் கட்டணம் சேரும். பருவமழை மாதங்களில் கணக்கு வெறுமையாக இருக்கும் ஒருவருக்கு மாதத் தவணை ஏற்றதன்று. இதற்கு விதியிலேயே வழி உண்டு. மாதத்துக்கு ஒருமுறை என்பதற்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ செலுத்தலாம். 18 வயதுக்காரருக்கு 5,000 ரூபாய் ஓய்வூதியத்துக்கான காலாண்டுத் தவணை 626 ரூபாய். அரையாண்டுத் தவணை 1,239 ரூபாய். 25 வயதுக்காரருக்கு இவை முறையே 1,121, 2,219 ரூபாய். அரையாண்டுத் தவணைகளுள் ஒன்று சுற்றுலாப் பருவத்திலேயே விழுந்துவிடும். மற்றொன்றுக்கான தொகையை அந்தப் பருவத்திலேயே ஒதுக்கிக் கணக்கில் விட்டுவைத்தால் போதும். விண்ணப்பப் படிவத்தில் தவணை முறையைக் குறிக்கும் கட்டத்தைப் பலரும் பாராமலே மாதம் என்று விட்டுவிடுகின்றனர்.

மற்றொரு குறையும் உண்டு, அது பெரியது. 5,000 ரூபாய் என்பது என்றைக்கும் 5,000 ரூபாய்தான். விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்வதாகக் கொண்டால், இன்று 25 வயதில் சேர்பவர் 60 வயதில் பெறும் 5,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 900 ரூபாய்க்கான பொருளே வாங்க இயலும். அரிசியும் எரிவாயுவும் கப்பலில் வந்து சேரும் தீவுகளில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகலாம். ஆகவே அடல் திட்டத்தை அடித்தளமாகக் கொள்ளலாமே தவிர, முழு வீடாகக் கருதிவிடக் கூடாது.

மாத வருமானம் 15 ஆயிரம் ரூபாய்க்கு மிகாத அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2019-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தில் தொழிலாளர் செலுத்தும் தொகைக்கு இணையாக மத்திய அரசும் செலுத்துகிறது. 18 வயதில் மாதம் 55 ரூபாய், 40 வயதில் 200 ரூபாய்; 60 வயதில் 3,000 ரூபாய் ஓய்வூதியம். ஆனால் வாழ்க்கைத் துணைக்குப் பாதித் தொகையே தொடரும். அதன்பின் பிள்ளைகளுக்கு எதுவும் வராது. குறைந்த செலவில் கிடைப்பது எனினும், குடும்பத்துக்கு ஏதாவது விட்டுச்செல்ல நினைப்போர் இந்த வேறுபாட்டைக் கேட்டறிந்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.

வருமானம் ஏறி இறங்குவோருக்குப் பொது வருங்கால வைப்பு நிதி

1968-இல் அறிமுகமான பொது வருங்கால வைப்பு நிதி, பருவ வருமானம் உள்ளவருக்கு மிகவும் இணக்கமானது. தவணை என்பதே இதில் கிடையாது. ஆண்டுக்கு 500 ரூபாய் முதல் 1.5 லட்சம் ரூபாய் வரை, கையில் பணம் இருக்கும்போது எவ்வளவு வேண்டுமானாலும் செலுத்தலாம். டிசம்பரில் நன்றாகச் சம்பாதித்த படகோட்டி அப்போதே மொத்தமாகச் செலுத்திவிட்டு, ஜூலையில் ஒன்றும் செலுத்தாமல் இருக்கலாம். ஓர் ஆண்டு முழுவதும் மறந்துவிட்டாலும் கணக்கு அழிந்துபோவதில்லை. விடுபட்ட ஆண்டுக்கு 500 ரூபாயும் 50 ரூபாய் அபராதமும் செலுத்தி உயிர்ப்பிக்கலாம். அஞ்சலகத்திலும் வங்கியிலும் தொடங்கலாம். தீவிலிருந்து பெருநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் கணக்கையும் மாற்றிக்கொள்ளலாம்.

வட்டி 2020 ஏப்ரல் முதல் 7.1 விழுக்காடாக உள்ளது. அரசு காலாண்டுதோறும் இதை அறிவிக்கிறது. 1986 முதல் 2000-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை இதே கணக்குக்கு 12 விழுக்காடு வட்டி கிடைத்தது என்பதை நினைவிற்கொண்டால், இன்றைய விகிதம் இறுதிவரை நிலைக்கும் என்று எவரும் கருத மாட்டார்கள். கிடைக்கும் வட்டிக்கு வரி இல்லை. கடன் வழக்கில் கடன்காரர் இத்தொகையை நீதிமன்றத்தின் வழியே பற்றுகை செய்ய இயலாது என்பது சிறுவணிகர்களுக்கு அதிகம் தெரியாத, ஆனால் அவர்களுக்கே மிகவும் பயன்படும் பாதுகாப்பு.

தொடங்கும் வயது எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதை ஒரு கணக்கில் காணலாம். ஆண்டுத் தொடக்கத்தில் 24 ஆயிரம் ரூபாய், அதாவது மாதத்துக்கு 2,000 வீதம், 7.1 விழுக்காடு வட்டி மாறாதிருப்பதாகக் கொள்வோம். 15 ஆண்டுகளில் செலுத்தியது 3.6 லட்சம், சேர்ந்திருப்பது ஏறத்தாழ 6.5 லட்சம். கணக்கை ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்க விதி இடம் தருகிறது. 25 வயதில் தொடங்கி 60 வயது வரை 35 ஆண்டுகள் தொடர்ந்தவர் செலுத்தியது 8.4 லட்சம்; கிடைப்பது ஏறத்தாழ 36 லட்சம். 35 வயதில் தொடங்கி 25 ஆண்டுகள் செலுத்தியவர் போட்டது 6 லட்சம். கிடைப்பது ஏறத்தாழ 16.5 லட்சம் மட்டுமே. 2.4 லட்சம் ரூபாய் குறைவாகச் செலுத்தியதற்கு இறுதியில் குறைவது 19 லட்சத்துக்கும் மேல்.

மாதந்தோறும் செலுத்துவோர் 5-ஆம் தேதியை நினைவில் வைக்க வேண்டும். 5-ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரையிலான மிகக் குறைந்த இருப்புக்கே அம்மாத வட்டி கணக்கிடப்படுகிறது. 6-ஆம் தேதி செலுத்தினால் அம்மாத வட்டி அத்தொகைக்கு இல்லை.

பணம் 15 ஆண்டுகள் முடங்கிவிடுமே என்ற அச்சம் இயல்பானது. மூன்றாம் நிதியாண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை கணக்கின் மீது கடன் பெறலாம். ஏழாம் நிதியாண்டிலிருந்து ஒரு பகுதியை எடுக்கலாம். ஆயினும் முதல் இரண்டு ஆண்டுகளில் பணம் பூட்டிய பெட்டியில் இருப்பதுபோலத்தான். உயர் சிகிச்சைக்குச் சென்னை செல்ல நேர்ந்தால் விமானக் கட்டணம், தங்கும் செலவு என உடனே பணம் தேவைப்படும் தீவுக் குடும்பங்கள், மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான தொகையைச் சாதாரண சேமிப்புக் கணக்கிலோ குறுகிய கால வைப்பிலோ ஒதுக்கிய பின்னரே இத்தகைய நீண்டகாலக் கணக்கைத் தொடங்குவது நல்லது. இந்த ஒதுக்கீடு இல்லாமல் தொடங்கப்படும் ஓய்வூதியக் கணக்குகளே பெரும்பாலும் பாதியில் முறிகின்றன.

சந்தையோடு இணைந்த தேசிய ஓய்வூதியத் திட்டம்

2009 மே 1 முதல் அனைத்துக் குடிமக்களுக்கும் திறந்துவிடப்பட்ட தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் ஆண்டுக்குக் குறைந்தது 1,000 ரூபாய் செலுத்தினால் போதும். தவணைக் கட்டாயம் இல்லை. பணம் பங்குகள், நிறுவனக் கடன் பத்திரங்கள், அரசுப் பத்திரங்கள் ஆகியவற்றில் முதலீடு செய்யப்படுகிறது. எந்த விகிதத்தில் என்பதைச் சந்தாதாரரே முடிவு செய்யலாம். முடிவு செய்யத் தெரியாதவருக்கு வயது ஏற ஏறப் பங்குகளின் அளவைத் தானாகக் குறைக்கும் முறையும் உண்டு. புதியவருக்கு அதுவே ஏற்றது.

வருவாய்க்கு உறுதி இல்லை என்பதை ஏற்றுக்கொண்டே இதில் நுழைய வேண்டும். 2020 ஜனவரியில் 42 ஆயிரம் புள்ளிகளைத் தொட்ட சென்செக்ஸ், மார்ச் 23 அன்று 26 ஆயிரத்துக்குக் கீழே சரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் 42 ஆயிரத்தைக் கடந்தது. மார்ச்சில் ஓய்வு பெற்றவருக்கும் நவம்பரில் ஓய்வு பெற்றவருக்கும் இடையிலான வேறுபாடே சந்தை அபாயம் எனப்படுவது. 30 ஆண்டுகள் முன்னால் இருப்பவருக்கு இந்தச் சரிவு பெரிதன்று. 55 வயதில் முதன்முறையாகச் சேர்பவருக்குப் பெரிது. விலைவாசியை மிஞ்சி வளரும் வாய்ப்பு, அடல் திட்டத்தைவிடவும் வைப்பு நிதியைவிடவும் இதில் கூடுதலாக இருப்பதே இளைஞர்கள் இதைக் கருத வேண்டியதற்கான காரணம்.

2025 டிசம்பரில் வெளியேறும் விதிகள் தளர்த்தப்பட்டன. அதுவரை 60 வயதில் திரண்ட தொகையில் 40 விழுக்காட்டைக் கட்டாயமாக ஆண்டுத்தொகைத் திட்டத்தில் போட்டு மாத ஓய்வூதியம் பெற வேண்டியிருந்தது. அரசு சாராச் சந்தாதாரர்களுக்கு அது 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது; மொத்தத் தொகை 8 லட்சம் ரூபாய்க்கு மிகாவிட்டால் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். இது சலுகைபோலத் தோன்றினாலும் சிறுசேமிப்பாளர்களைப் பொறுத்தவரை இதற்கு மறுபக்கமும் உண்டு. 7 லட்சம் ரூபாய் சேர்த்தவர் 60 வயதில் அதை மொத்தமாகப் பெறுவார். அது மகளின் திருமணத்துக்கோ வீட்டுக் கூரைக்கோ போய்விட்டால் மாத ஓய்வூதியம் என்ற ஒன்றே இராது. கையில் பணம் நிற்காது என்று தம்மைப் பற்றி அறிந்தவர்களுக்கு, மொத்தமாகத் தராமல் மாதந்தோறும் தரும் அடல் திட்டம் அந்த வகையில் மேலானது. இரண்டிலும் ஒருவரே சேரலாம் என்பது குறிப்பிடத்தக்கது.

வரிச் சலுகை யாருக்கு?

முகவர்கள் முதலில் பேசுவது வரி விலக்கைப் பற்றித்தான். பொது வைப்பு நிதிக்கான 1.5 லட்சம் ரூபாய் கழிவும், தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கான கூடுதல் 50 ஆயிரம் ரூபாய் கழிவும் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்போருக்கே உரியவை. 2023-24 முதல் புதிய வரிமுறையே இயல்பான முறையாகிவிட்டது. 2025-26 முதல் அதில் 12 லட்சம் ரூபாய் வரையிலான சாதாரண வருமானத்துக்கு வரி செலுத்த வேண்டியதில்லை. வரியே செலுத்தாதவர் வரியைச் சேமிக்கக் கணக்கு தொடங்குவதில் பொருளில்லை. முதலாளி தம் பங்காக ஊழியரின் தேசிய ஓய்வூதியக் கணக்கில் செலுத்தும் தொகைக்கு, ஊதியத்தில் 14 விழுக்காடு வரை, புதிய முறையிலும் விலக்கு உண்டு.

மொத்தத் தொகை கையில் வரும்போது

தீவுத் தமிழர்களுள் ஒரு பிரிவினருக்கு ஓய்வுக்காலம் எதிர்பாராமல் வந்தது. சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழ்க் குடும்பங்களில் சில 1970-களில் நிக்கோபார் மாவட்டத்தின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. அத்தோட்டத்தை நிர்வகித்துவந்த அந்தமான் நிக்கோபார் வனம் மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகத்தை, ஊழியர்களுக்கான பாக்கிகளைத் தீர்த்து மூடுவதற்கு 2017 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மாத ஊதியம் நின்று, ஒரு முறை மட்டும் தொகை வரும் நிலை எந்த நிறுவன ஊழியருக்கும் நேரலாம்.

60 வயது கடந்தோருக்கும், 55 கடந்து ஓய்வு பெற்று, பணம் கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் விண்ணப்பிப்போருக்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் உள்ளது. 2023 ஏப்ரல் முதல் வட்டி 8.2 விழுக்காடு, உச்சவரம்பு 30 லட்சம் ரூபாய். 5 லட்சம் போட்டவருக்குக் காலாண்டுக்கு 10,250 ரூபாய் வரும். ஐந்தாண்டு முடிவில் முதல் திரும்பும். அஞ்சலகத்திலேயே கிடைக்கும் இத்திட்டம் இருக்க, அதிக வட்டிக்கு ஆசைப்பட்டுப் பணத்தை இழந்தோர் கதைகள் நீள்கின்றன. 2013-இல் மேற்கு வங்கத்தில் சாரதா குழுமம் சரிந்தது. தமிழகத்தில் ஆருத்ரா கோல்டு நிறுவனம் மீதான 2022-ஆம் ஆண்டு வழக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டப்பட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. கொல்கத்தாவுடனும் சென்னையுடனும் உறவு கொண்ட தீவுகளுக்கு இவ்விரண்டும் தொலைவிலுள்ள செய்திகள் அல்ல. வங்கி வைப்புக்குக்கூடக் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரைதான். கூட்டுறவு வங்கிகளுக்கும் இவ்வரம்பே பொருந்தும்.

கடலடிக் கம்பியும் காகிதங்களும்

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடி இழைக் கம்பி செயல்பாட்டுக்கு வந்தது. ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களையும் அது தொடுகிறது. அதற்கு முன் செயற்கைக்கோள் இணைப்பை நம்பியிருந்த தீவுகளில் இணையவழிக் கணக்கு தொடங்குவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. இப்போது ஆதார், நிரந்தரக் கணக்கு எண், வங்கிக் கணக்கு ஆகியவை இருந்தால் தேசிய ஓய்வூதியக் கணக்கைக் கைபேசியிலேயே தொடங்கலாம். அடல் திட்டத்துக்கும் பொது வைப்பு நிதிக்கும் வங்கி அல்லது அஞ்சலகக் கிளையை நாடலாம்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நிக்கோபார் தீவுகளில் வீடுகளோடு ஆவணங்களும் கடலோடு போயின. கணக்கு எண்களை வீட்டுப் பெட்டியில் மட்டும் வைத்திருப்பது தீவுவாசிக்குப் போதாது. குடும்பத்தில் பெருநிலத்தில் வசிக்கும் ஒருவரிடமும் அவை இருக்க வேண்டும். நியமனதாரர் பெயரைத் தொடக்கத்திலேயே பதிவு செய்வதும், திருமணத்துக்குப் பின் அதைப் புதுப்பிப்பதும் அவசியம். திருமணத்துக்கு முன் தந்தையின் பெயரைக் கொடுத்தவர்கள் அதை மாற்ற மறந்துவிடுவதால், மனைவியும் பிள்ளைகளும் வாரிசுச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் அலைய நேரிடுகிறது. ஒவ்வொரு கணக்குக்கும் இதற்கெனத் தனிப் படிவம் உண்டு. வருங்கால வைப்பு நிதிக்கும் தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கும் இணையத்திலேயே மாற்றம் செய்யலாம்.